முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லீரல் நோய்ப் பிரிவின் புறநோயாளர் பகுதிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். சரக்கு லாரி ஓட்டுநர். குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு முன் வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி வைரசுக்கான எதிர்ப்பொருள் இருப்பது தெரியவந்தமையால் எங்களிடம் அனுப்பப்பட்டிருந்தார். அவருக்கு உடலில் தொல்லை எதுவும் இல்லை. பசி நன்றாக இருந்தது. கண்களில் மஞ்சள் இல்லை. "இந்த முடிவை மட்டும் கொண்டு நோய் இருப்பதாகச் சொல்ல இயலாது. வைரசின் மரபணு இரத்தத்தில் இருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு நாள் வந்து இரத்தம் கொடுங்கள், ஒரு வாரம் கழித்து வந்து முடிவை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கூறிச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். பிறகு வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அவரை அழைத்து வந்தபோது வயிறு நீர் கோத்து வீங்கியிருந்தது. கால்களிலும் வீக்கம் இருந்தது. கல்லீரல் சுருங்கிக் கரடு தட்டிப்போகும் சிரோசிஸ் என்னும் நிலையை அவர் அடைந்திருந்தார். பழைய சீட்டை அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதை மேசைமேல் வைத்து, "அன்றைக்கே பார்த்துச் சொல்லியிருந்தால் மாத்திரை சாப்பிட்டிருப்பாரே, டாக்டர். முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அவருடைய கோப்பில் "மறுபரிசோதனைக்கு வரவில்லை" என்று நாங்கள் எழுதியிருந்தோம். அந்தச் சொற்கள் பிழையை முழுவதும் நோயாளியின் தலையில் ஏற்றிவிடுகின்றன. அந்த அம்மையாரின் கேள்விக்கு அன்று எங்களிடம் சரியான விடை இல்லை. இப்போது அதற்கு விடையளிக்க முயல்கிறோம். வைரசின் மரபணுவை ஒரு சிறு மின்னோட்டத்தின் வழியாகக் கண்டறியும் புதிய கருவிகளைப் பற்றி நோயாளர்களும் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். அக்கருவிகளைப் பற்றிய எங்கள் கருத்தும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

இரண்டு பரிசோதனைகள் ஏன்?

ஹெபடைடிஸ் சி வைரஸ் உடலுக்குள் நுழைந்தால், அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. முதலில் செய்யும் எளிய, விலை குறைந்த பரிசோதனை இந்த எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது. ஆனால் தொற்றுக்கு ஆளானவர்களில் 15 முதல் 45 விழுக்காட்டினர் சிகிச்சையின்றியே, பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள், வைரசை வென்றுவிடுகின்றனர். வைரஸ் போன பின்னும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள், பெரும்பாலோரிடம் வாழ்நாள் முழுவதும், நிலைத்திருக்கும். ஆகவே எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால், "இந்த வைரஸ் என்றோ வந்தது" என்பது மட்டுமே பொருள். அது இன்றும் இருக்கிறதா என்பதை வைரசின் மரபணுவான ஆர்.என்.ஏ.வைத் தேடியே அறிய இயலும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தொற்று ஏற்பட்ட ஓரிரு வாரங்களிலேயே மரபணு இரத்தத்தில் தென்படத் தொடங்கும். எதிர்ப்பொருள் தோன்றவோ இரண்டு மாதங்களும் அதற்கு மேலும் ஆகலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கும் எதிர்ப்பொருள் இன்னும் தாமதமாகத் தோன்றலாம். சிலருக்குத் தோன்றாமலும் போகலாம். ஆகவே மரபணுப் பரிசோதனையை ஆடம்பரம் என்று ஒதுக்க இயலாது.

மருந்தைப் பொறுத்தவரை நாம் நற்பேறு பெற்ற காலத்தில் வாழ்கிறோம். இந்த வைரஸ் 1989-இல் அடையாளம் காணப்பட்டது. அதன் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரங்கள் உட்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகின்றனர். இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இதற்கான பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. 2022-இல் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி நோயுடன் வாழ்ந்தனர். நோயுற்றவர்களில் 100-க்கு 36 பேருக்கே நோய் கண்டறியப்பட்டிருந்தது. 20 பேருக்கே குணப்படுத்தும் சிகிச்சை கிட்டியிருந்தது. குணப்படுத்தும் மருந்து கையில் இருக்க, பெரும்பாலோர் அதை எட்டாமலே நிற்கின்றனர். முதல் பரிசோதனைக்கும் இரண்டாம் பரிசோதனைக்கும், இரண்டாம் பரிசோதனைக்கும் முடிவுக்கும், முடிவுக்கும் மருந்துக்கும் இடையே உள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் சிலர் கைநழுவிப் போகின்றனர். எங்கள் ஓட்டுநர் முதல் இடைவெளியிலேயே நழுவினார். ஒரு நாள் வண்டி ஓட்டவில்லையென்றால் அவருக்கு ஒரு நாள் வருமானம் இல்லை. வலியில்லாத ஒரு நோய்க்காக இரண்டு நாள் வருமானத்தை இழக்கும்படி நாங்கள் கேட்டிருந்தோம்.

உங்கள் வீட்டில் உள்ள கருவி

மரபணுவை மின்னோட்டத்தால் அறிவது எப்படி என்று கேட்பவர்களுக்கு, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் குளுக்கோமீட்டரை எடுத்துக் காட்டுகிறோம். விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் ஸ்ட்ரிப்பில் பட்டதும் சில வினாடிகளில் எண் தோன்றுகிறது. அந்த ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி, இரத்தத்தில் உள்ள சர்க்கரையுடன் மட்டும் வினைபுரிகிறது. அவ்வினையில் வெளிப்படும் எலெக்ட்ரான்கள் ஒரு மின்முனையைச் சென்றடைகின்றன. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். கருவி அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இணைத்து இவ்வாறு சர்க்கரையை அளக்கலாம் என்ற கருத்தை 1962-இல் அமெரிக்க அறிவியலர் லீலேண்ட் கிளார்க், சேம்ப் லயன்ஸ் என்பவருடன் இணைந்து வெளியிட்டார். இம்முறையில் இயங்கும் பேனா அளவுள்ள கருவி 1987-இல் விற்பனைக்கு வந்தது. ஆய்வகத்துக்கு மட்டும் உரியதாயிருந்த ஓர் அளவீடு இருபத்தைந்து ஆண்டுகளில் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. உயிரினத்திலிருந்து பெற்ற ஒரு பொருள் இலக்கை அடையாளம் காண, மின்முனை அதை மின்னோட்டமாக அறிவிக்கும் இத்தகைய கருவியை மின்வேதி உயிருணரி என்கிறோம்.

மரபணுவுக்கும் மின்முனைக்கும் உள்ள உறவும் பழையதே. செக்கோஸ்லோவாக்கியாவின் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, கரைசல்களில் உள்ள பொருள்களை மின்னோட்டத்தால் ஆராயும் போலரோகிராபி முறைக்காக 1959-இல் நோபல் பரிசு பெற்றார். அதே நாட்டின் இளம் அறிவியலர் எமில் பலெச்செக், டி.என்.ஏ.வும் மின்முனையில் தனக்கென ஓர் அடையாளத்தைக் காட்டுகிறது என்பதை 1960-இல் வெளியிட்டார். குறிப்பிட்ட எழுத்து வரிசை உடைய மரபணுவை மட்டும் அடையாளம் காணும் மின்வேதி உணரியை 1993-இல் மில்லன், மிக்கெல்சன் என்ற இருவர் உருவாக்கிக் காட்டினர்.

அதன் அடிப்படை எளியது. மரபணு என்பது நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய இணை எழுத்துடன் மட்டுமே சேரும். ஹெபடைடிஸ் சி வைரசின் மரபணு ஏறத்தாழ 9600 எழுத்துகள் கொண்டது. அதில் மாறாத ஒரு பகுதியைத் தேர்ந்து, அதற்கு இணையான ஒரு குறுகிய டி.என்.ஏ. இழையைச் செயற்கையாகச் செய்து, தங்கத்தாலான மின்முனைமேல் நாற்று நட்டதுபோல் நட்டு வைக்கின்றனர். வைரசின் மரபணு அங்கு வந்து சேர்ந்தால் இரண்டும் ஜிப் பூட்டுவதுபோல் எழுத்துக்கு எழுத்து இணைந்துகொள்ளும். எழுத்துகள் பொருந்தாவிட்டால் அந்தப் பிடிப்பு நிலைக்காது. இணைந்ததா இல்லையா என்பதை அறிவிக்க, எலெக்ட்ரான்களை எளிதில் கொடுக்கவும் வாங்கவும் வல்ல பெரோசீன் அல்லது மெத்திலீன் புளூ போன்ற ஒரு மூலக்கூறை அடையாளக்கொடியாகக் கட்டிவிடுகின்றனர். இணைப்பு நேர்ந்ததும் அக்கொடி மின்முனையை நெருங்கும் அல்லது விலகும், மின்னோட்டம் மாறும். அந்த மாற்றம் பல கருவிகளில் ஓர் ஆம்பியரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. அதை அளக்கச் சிறிய மின்சுற்றே போதும்.

இன்று பெரும்பாலான மரபணுக் கருவிகள் ஒளியைக் கொண்டு முடிவைக் காண்கின்றன. அவற்றுக்கு ஒளிமூலம், வடிகட்டி, உணர்வி ஆகியவை வேண்டும். இரத்தத்தின் நிறமும் கலங்கலும் ஒளியை மறைக்கக்கூடும். மின்னோட்டத்துக்கு நிறம் தடையன்று. கருவியைச் சிறிதாகவும் மலிவாகவும் மின்கலத்தில் இயங்குமாறும் செய்ய இடமுண்டு. இக்காரணங்களால்தான் ஆராய்ச்சியாளர் மின்வேதி உணரிகளின்மேல் நம்பிக்கை வைக்கின்றனர். அந்த நம்பிக்கை நியாயமானது என்றே நாங்களும் கருதுகிறோம்.

ஒரு துளியின் கணக்கு

ஆயினும், "சர்க்கரையைப் போல வைரசையும் வீட்டிலேயே ஒரு துளியில், ஐந்து வினாடியில் பார்த்துவிடலாமா?" என்று கேட்டால், இப்போதைக்கு இல்லை என்றே விடையளிப்போம். காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம்.

சர்க்கரை அளவு 100 மில்லிகிராம் உள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஓர் ஊசிமுனைத் துளியில், ஏறத்தாழ 3000 இலட்சம் கோடி சர்க்கரை மூலக்கூறுகள் உள்ளன. ஹெபடைடிஸ் சி நோயாளி ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 1000 அலகு வைரஸ் இருந்தால், அதே ஊசிமுனைத் துளியில் இருப்பது ஒரே ஓர் அலகு. முன்னது கடற்கரையில் மணலைத் தேடுவது போன்றது. பின்னது மணலில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவது போன்றது.

ஆகவே மரபணுவைத் தேடும் முன் அதைப் பெருக்க வேண்டியுள்ளது. கோவிட் காலத்தில் வீடுதோறும் அறிமுகமான ஆர்.டி.-பி.சி.ஆர். என்பது இவ்வாறு பெருக்கும் முறைதான். ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றி, வெப்பத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கி, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கிச் செல்வது அதன் வழி. ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் என்ற ஒரே வெப்பநிலையில் பெருக்கும் லேம்ப் என்ற முறையும் உண்டு. சிறிய கருவிகளுக்கு அது உகந்தது. பெருக்குவதற்கும் முன்னதாக வைரசின் உறையை உடைத்து மரபணுவை வெளியே எடுக்க வேண்டும்; ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளிடமிருந்து அதைக் காக்க வேண்டும். இரத்தத்தின் புரதங்கள் மின்முனைமேல் படிந்து அதை மந்தமாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுதியில் மின்னோட்டத்தை அளப்பதுதான் இவற்றுள் எளிய வேலை. தூய கரைசலில் மிகச் சிறப்பாகச் செயல்படும் பல உணரிகள் நோயாளியின் இரத்தத்தைக் கண்டதும் தடுமாறுவது இதனால்தான்.

தடைகளைக் கடந்து மருத்துவமனைக்குள் வந்த கருவிகளும் உண்டு. மூச்சுப்பாதையைத் தாக்கும் பல வைரஸ்களின் மரபணுக்களைப் பெருக்கிய பின், தங்க மின்முனையில் பெரோசீன் கொடியைக் கொண்டு அடையாளம் காணும் கருவிக்கு அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கிடைத்தது. கிளமிடியா, கொனோரியா என்னும் இரு பால்வினைத் தொற்றுகளை அரை மணி நேரத்தில் மின்வேதி முறையில் கண்டறியும் மேசைக் கருவிக்கு அங்கு 2019-இல் அனுமதி கிடைத்தது. ஆக, இந்த அறிவியல் வெறும் கனவன்று. ஆனால் இக்கருவிகளும் பெருக்கிய பின்னரே அளக்கின்றன. வினாடிகளில் அன்றி, அரை மணி முதல் சில மணி நேரத்தில் முடிவு தருகின்றன.

எங்கள் கருத்து

புதிய கருவியின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை குறைந்த வைரசைக் கண்டுபிடிக்கிறது என்பதையே ஆய்விதழ்கள் பெரிதும் பேசுகின்றன. நோயாளியின் பக்கத்தில் நின்று பார்க்கும் எங்களுக்கு வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது. இரத்தம் கொடுத்தவர் வீடு திரும்பும் முன் அவர் கையில் முடிவும், முடிவுக்கேற்ற மருந்தும் இருக்கின்றனவா என்பதே அது. ஒளியால் கண்டதா, மின்னோட்டத்தால் கண்டதா என்பது நோயாளிக்கு ஒரு பொருட்டன்று.

ஹெபடைடிஸ் சி நோயிலேயே இதற்குச் சான்று உண்டு. விரல்நுனி இரத்தத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வைரசின் மரபணுவைக் காணும் கருவிக்கு 2024 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஒளி முறையில் இயங்குவது. நம் நாட்டில் கோவாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் உருவாக்கிய ட்ரூநேட் கருவியும் ஒளி முறையில் இயங்குவதே; மின்கலத்தில் இயங்கும் அக்கருவி காசநோயைக் கண்டறியச் சிற்றூர்ச் சுகாதார நிலையங்கள் வரை சென்றிருக்கிறது. மின்வேதி உணரிகள் இவற்றைவிட மலிவாகவும் சிறிதாகவும் வருமானால் மனமுவந்து வரவேற்போம். வரும்வரை கைகட்டி நிற்பதற்கு நியாயம் இல்லை.

எங்கள் துறைத் தோழர்கள் சிலர் இதற்கு மறுப்புச் சொல்கின்றனர். மைய ஆய்வகத்தில் பயிற்சி பெற்றோர் செய்யும் பரிசோதனையே நம்பத்தக்கது, ஊருக்கொரு கருவி வைத்தால் பராமரிப்பு குன்றும், தரக்கட்டுப்பாடு தளரும், பெட்டி ஒன்றுக்கு ஆகும் செலவும் மிகும் என்கின்றனர். இவை வெற்றுக் கவலைகள் அல்ல. மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கருவிகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். விரைவாகக் கிடைக்கும் தவறான முடிவு, தாமதமாகக் கிடைக்கும் சரியான முடிவைவிடக் கேடானது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மைய ஆய்வகத்தில் மிகத் துல்லியமாகக் கண்டு, எவரும் வந்து வாங்காமல் கிடக்கும் முடிவால் யாருக்கு என்ன பயன்? பரிசோதனையின் துல்லியத்தைக் கணக்கிடுகையில், முடிவு கையில் சேராதவர்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அப்படிச் சேர்த்தால், சற்றே குறைந்த நுண்மையுடைய உடனடிப் பரிசோதனை பல இடங்களில் மேலானதாகவே அமையும். சிகிச்சை பெறாத நாள்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோரின் இரத்தத்தில் வைரஸ் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் இருப்பதால், அத்தகைய கருவிக்கு அவர்கள் தப்புவது அரிது.

இதில் எங்களைக் குறித்தே நாங்கள் சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அந்த ஓட்டுநரின் செய்தியில் குறையாக இருந்தது புதிய உணரி அன்று. முதல் நாள் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட்டவுடன், அதே இரத்தத்திலேயே மரபணுப் பரிசோதனையையும் ஆய்வகம் தானாகச் செய்திருக்கலாம். முதலிலேயே இன்னொரு குழாய் இரத்தம் எடுத்து வைத்திருக்கலாம். இம்முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதற்குத் தங்க மின்முனையும் வேண்டியதில்லை. மைய ஆய்வகத்தைக் கைவிடவும் வேண்டியதில்லை. ஓர் ஒழுங்கை மாற்றினால் போதும். அந்த அம்மையார் கேட்ட பின்பே எங்கள் பிரிவு அவ்வாறு மாற்றிக்கொண்டது. இப்போது எதிர்ப்பொருள் உள்ளவர்களிடம் இரண்டாம் முறை இரத்தத்துக்காக வரச் சொல்வதில்லை. முடிவு வந்ததும் நாங்களே தொலைபேசியில் அழைக்கிறோம். முன்பே செய்திருக்க வேண்டியதைத் தாமதமாகச் செய்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். நாளை இன்னும் சிறந்த உணரிகள் வந்தாலும், இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் அவையும் மூலையில் கிடக்கும்.

முடிவைப் படிக்கும்போது

மரபணுப் பரிசோதனை எம்முறையில் செய்யப்பட்டாலும், அதன் முடிவைப் பற்றிச் சிலவற்றை நோயாளரும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நன்று.

"கண்டறியப்படவில்லை" என்ற முடிவு, அன்றைய இரத்தத்தில், அக்கருவியால் காணக்கூடிய அளவில் வைரஸ் இல்லை என்பதையே குறிக்கும். தொற்று நேர்ந்திருக்கக்கூடும் என்று ஐயப்படும் நாளிலிருந்து ஓரிரு வாரங்களே ஆகியிருந்தால், மறுமுறை பார்க்க வேண்டியிருக்கும். நாளை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

மருந்து முடிந்தவுடன் வைரஸ் தென்படாதது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் மருந்து முடிந்து 12 வாரங்கள் கழித்துச் செய்யும் பரிசோதனையில் தென்படாதபோதே குணமானதாக உறுதி செய்கிறோம். அந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

குணமான பின்னும் எதிர்ப்பொருள் பரிசோதனை "உள்ளது" என்றே காட்டும். பிற்காலத்தில் வேறோர் அறுவைச் சிகிச்சைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ இரத்தம் பார்க்கும்போது இதனால் கலக்கம் உண்டாகிறது. குணமானதைக் காட்டும் மரபணுப் பரிசோதனை முடிவைப் பத்திரப்படுத்தி வையுங்கள். அந்த எதிர்ப்பொருள் உங்களைக் காக்காது என்பதையும் மறவாதீர்கள். கிருமி நீக்காத ஊசி போன்றவற்றால் மீண்டும் தொற்று வரக்கூடும். அப்போது மரபணுப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இந்த வைரசுக்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். முன்பு தொற்று வந்து குணமானவராயின், மரபணுப் பரிசோதனையாகவே அது அமைய வேண்டும்.

எந்தப் பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்த பின், நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பரிசோதனை வைரசைத் தேடுகிறதா, அதன் தடத்தைத் தேடுகிறதா? முடிவு எப்போது, யார் வழியாக எனக்குத் தெரியும்? முடிவு எதுவானாலும் அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன? இவற்றுக்கு விடை கூறாமல் உங்களை அனுப்பிவைப்பது எங்கள் பிழை. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. வேலை மிகுந்த நாளிலும் இதற்கு ஒரு நிமிடமே ஆகும். அருகில் துணையாக வந்திருப்பவர் விடைகளைச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்வது மேலும் நல்லது.

வீட்டிலேயே மரபணுவைக் கண்டறியலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பெட்டிகளை வாங்கும் முன்னும் எங்களிடம் ஒருமுறை கேளுங்கள். உரிய அரசு அனுமதி பெற்றதா, எந்த வைரசுக்குப் பெற்றது, முடிவு வந்தால் உறுதி செய்ய எங்கே செல்வது ஆகியவற்றுக்கு விடை இல்லாத பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அந்த ஓட்டுநருக்கு மருந்து கொடுத்தோம். மருந்து முடிந்து 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது வைரஸ் தென்படவில்லை. வயிற்றில் கோத்த நீரும் மருந்துகளாலும் உப்புக் குறைத்த உணவாலும் படிப்படியாக வடிந்தது. ஆனால் கரடு தட்டிய கல்லீரல் பழையபடி மாறிவிடவில்லை. அத்தகைய கல்லீரலில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு வைரஸ் போன பின்னும் இருப்பதால், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அவர் ஸ்கேன் எடுக்க வரவேண்டும். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். இப்போது மகனின் கடையில் கணக்கு எழுதுகிறார்.

ஒவ்வொரு முறையும் மனைவியும் உடன் வருகிறார். அவருக்கும் பரிசோதனை செய்தோம், தொற்று இல்லை. அந்த முடிவை அன்று மாலையே அவரிடம் சொல்லி அனுப்பினோம். அவர் அதையும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் பழைய சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.